வெயில் என்று நான் சொன்ன மஞ்சள்

சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட என் சூசைக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நேற்றுதான் மறுபடி பெசன்ட் நகர் கரைக்கு வந்தேன். காமிராவை எடுத்து வரவில்லை. உன் கட்டுமரத்தில் இப்போது உன் மச்சான் கடலுக்குப் போகிறான். உன் ஸ்டெல்லா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அடையாறு பக்கம் தெருத்தெருவாகப் போக ஆரம்பித்துவிட்டாள். உன் சின்னது நடக்கிறதடா! மூன்று அடி வைத்தால் ஒரு தடவை விழுகிறது. நீ பார்க்காமல் போனாயே.

தி.நகரில் ஆபீஸ் வேலை, மயிலாப்பூரில் வீடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போட்டோக்காரன் என்று என்னைக் கேலி செய்வாய். உண்மைதான். அதிலும் எனக்குச் சூரியனுக்கு நேர் எதிரே நின்று எடுத்தால்தான் திருப்தி. கரையேறும் கட்டுமரங்கள் கன்னங்கரேலென்று தெரிய, சுற்றிலும் தண்ணீர் தகதகக்க வேண்டும். ஆனால் பிரிண்ட் போட்டு வாங்கினால், படத்தின் குறுக்கே பச்சையும் ரோஸுமாக ஒளிப்பொட்டுகள் வரிசைகட்டி நிற்கும். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்திருக்கும். லென்ஸில் படிந்த உப்பைத் துடைத்தேன். முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினேன். பாதிதான் தீர்ந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் நீ. நான் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாய்.

"இன்னா அண்ணாத்த, வெயில் அட்ச்சா நம்ம கண்ணுக்குக் கைய வெச்சிக்கிறோமில்ல. அதுக்கும் வெச்சா இன்னா?"

அன்றிலிருந்து இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் உன் உள்ளங்கைதான் என் காமிராவுக்குக் குடை. நிழல் லென்ஸின் மேல் விழ வேண்டும், கை படத்தில் தெரியக் கூடாது. "இன்னும் கொஞ்சம் மேலே, ஒரு விரல் இந்தப் பக்கம்" என்று உன்னைப் படுத்துவேன். விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வந்தவன், முகம் சுளிக்காமல் நிற்பாய். படத்துக்கு வெளியே நிற்பதுதான் உன் வேலை. உன்னை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஏனடா ஒரு நாளும் தோன்றவில்லை?

எடுத்தது ஒன்றே ஒன்று. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஊரெல்லாம் சுற்றி வருகிறேன்.

அன்றைக்கு நீ தளர்ந்துபோய் வந்தாய். சோறு இறங்கவில்லை என்றாய். பிறகு என் முன்னால் வந்து நின்றாய்.

"கண்ணு மஞ்சளா கீதாம் அண்ணாத்த. ஸ்டெல்லா ரெண்டு நாளா சொல்லிக்கினே கீறா. உனுக்குத்தான் வெளிச்சமெல்லாம் அத்துப்படியாச்சே, பாத்துச் சொல்லேன்."

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். "காலை வெயில் எல்லாத்தையும் மஞ்சளாத்தான்டா காட்டும். நில்லு, படம் எடுத்தே காட்டறேன்" என்று அந்த இடத்திலேயே உன்னை எடுத்தேன். லென்ஸுக்குக் கை வைக்க ஆள் இல்லை. நீதான் முன்னால் நிற்கிறாயே. "அப்ப சரி" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாய்.

பத்தாம் நாள் நீ இல்லை. காமாலை முற்றிவிட்டது, ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்டெல்லா மயிலாப்பூருக்கே வந்துவிட்டாள். குடிசை எரிந்தபோது கல்யாணப் படங்களும் போனது உனக்குத் தெரியும். உன் ஓட்டு அட்டையில் இருந்த படத்தை நீட்டினாள். "இது அவரு மாரியா கீது? நீங்களே சொல்லுங்கண்ணா. கொழந்த பெருசானா அப்பன் மூஞ்சி இன்னான்னு கேக்குமே. இத்தினி படம் எடுத்தீங்களே, ஒண்ணு குடுங்க" என்றாள்.

முடியாத பிலிம் ரோலைப் பாதியிலேயே எடுத்துக் கோடம்பாக்கத்தில் வழக்கமாகப் பிரிண்ட் போடுகிறவரிடம் கொடுத்தேன். உன் கன்னத்தில் பெரிய பச்சைப் பொட்டு, தோளில் இரண்டு ரோஸ் பொட்டுகள். சூரியன் நேராக லென்ஸுக்குள் பாய்ந்திருந்தது. "டச்சப் பண்ணிடலாம் சார்" என்றவர், படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஆளுக்குக் காமாலையா சார்? கண்ணு மஞ்சளா கீதே."

"வெயில்" என்றேன்.

"இன்னா சார் நீங்க? சூரியன் முதுகாண்ட கீது. மூஞ்சி நெழல்ல கீது. நெழல்ல ஏது சார் மஞ்சள்?"

வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாதவன் நான். அந்த ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. முகம் நிழலில் இருக்கிறது என்று தெரிந்துதானே கூடுதல் வெளிச்சம் வர லென்ஸை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்து எடுத்தேன்? கைக்குத் தெரிந்தது புத்திக்குத் தெரியாமல் போனதா?

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய பாவம். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தரச் சொன்னேன். பொட்டுகளைத் தூரிகையால் மறைத்தார்கள். மஞ்சள் தானாகவே மறைந்துவிட்டது. சட்டம் போட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுத அழுகையை நீ கேட்டிருக்க வேண்டாம்.

"உங்களாலதாண்ணா அவரு மூஞ்சி எங்களுக்குக் கெடச்சுது. நான் தலப்பாடா அடிச்சிக்கினேன், கண்ணு மஞ்சளா கீதுய்யான்னு. வெயிலுதான், வுடுன்னுட்டாரு."

யார் சொன்ன வார்த்தை அது என்று நீ அவளிடம் சொல்லவே இல்லையா சூசை? மறந்துவிட்டாயா, இல்லை வேண்டுமென்றேதான் விட்டாயா? அவளோ உன் பிடிவாதம் என்று நினைத்து உன்மேல் கோபப்படுகிறாள். நான் அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கலர் பிரிண்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். வெயில் என்று சொன்னவன் நான்தான் என்று ஸ்டெல்லாவிடம் சொல்வேன். அவள் மண்ணை வாரித் தூற்றினாலும் நிற்பேன். உன்மேல் அவளுக்கு இருக்கிற கோபம் அன்றோடு என் பக்கம் வந்துவிடும். இது சத்தியம்.

கூடப் பிறக்காவிட்டாலும்,
உன் அண்ணாத்த