நார்வே வார இதழை எடைக்குப் போட வேண்டாம்

அனுப்புநர்:
ந. முபஷ்ஷிரா,
க/பெ. நயீம் அகமது,
ஆம்பூர்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்.

பொருள்: கிளை நூலகம் – நார்வே மொழி வார இதழ்த் தொகுப்பு – ‘படிப்போர் இல்லை’ என்று கழிவில் சேர்த்ததை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறேன். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில், உலகப் போர்க் காலத்து நார்வே வார இதழ்கள் ஒரே கட்டாகப் பைண்டு செய்து இருக்கின்றன. தோல் வாங்க வந்த வெளிநாட்டார் யாரோ கொடுத்தது என்பார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த படக்கதைகளை அதில் நார்வே மொழியில் மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துத்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டோம். மாதக் கடைசியில் இதை எடைக்குப் போடப் போவதாகப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

2. படிப்போர் இல்லை என்பது தவறு. என் கணவர் படிக்கிறார். தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதத்தில் வலக்கையும் பேச்சும் போய்விட்டன. புத்தகம் காட்டிப் பேசப் பழக்கும்படி டாக்டர் சொன்னார். உருதுவோ தமிழோ, எழுத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெரிந்த எழுத்து தெரியாமல் போன வெட்கம். நார்வே எழுத்தில் அந்த வெட்கம் இல்லை. அது எனக்கும் தெரியாது, நூலகருக்கும் தெரியாது.

3. நூலகர் விஜயகுமாரி அம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே எங்களுக்கு இடம் பிடித்து வைப்பவர். ஆய்வுக்கு வந்த அதிகாரிதான், என் கணவர் படக்கதைக் கட்டங்களை வலப்பக்கமிருந்து பார்ப்பதைக் கண்டு, “இவரு படிக்கல, சும்மா பொரட்றாரு” என்று சொல்லி, அப்படியே எழுதியும் விட்டார். உருதுப் பள்ளியில் படித்தவர் வலப்பக்கமிருந்துதான் தொடங்குவார், அய்யா. என் தோழி ஜோதி இடப்பக்கமிருந்து படித்தால், குடையோடு வரும் குண்டு மனிதர் பழத்தோலில் வழுக்கி விழுகிறார். அதுதான் கதை என்று எங்களுக்கும் தெரியும். என் கணவர் படித்தால், விழுந்து கிடப்பவர் எழுந்து, குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்.

4. போன ரம்ஜான் முடிந்து ஒரு ஞாயிறு, அந்தக் குண்டு மனிதர் மேல் விரல் வைத்து, “உட்யா” என்றார். எங்கள் வீட்டு உருதுவில் எழுந்துவிட்டான் என்று பொருள். நோய் வந்த பிறகு அவர் பேசிய முதல் சொல் அது. நூலகம் என்றும் பாராமல் சத்தமாக அழுதேன்.

5. அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல்லாவது முயல்கிறார். தொகுப்பில் பாதிகூட முடியவில்லை. வேறு படப்புத்தகம் வாங்கித் தரலாமே என்பீர்கள். வாங்கினேன். தமிழைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

ஆகவே இந்தத் தொகுப்பைக் கழிவிலிருந்து நீக்கி, ‘படிப்போர் இல்லை’ என்ற வரியை அடித்து, ‘படிப்பவர் உண்டு’ என்று எழுத உத்தரவிட வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் எந்த ஞாயிறும் காலையில் நேரில் வந்து பாருங்கள். உத்தரவு கைக்கு வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

நாள்: 14.07.2025
இடம்: ஆம்பூர்

இப்படிக்கு,
ந. முபஷ்ஷிரா

உடன் கையொப்பம்: நயீம் அகமது
(இடக்கையால் உருதுவில் போட்டது, கோணலாக இருக்கும். வலப்பக்கமிருந்து படிக்கவும்.)