அடிக்குப் போன பிளம் ஜாம்

டோப் தெரு, புடாபெஸ்ட்
வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இல்கா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் படியேற விடுகிறதா? அப்பாவின் இருமல் குறைந்ததா? நான் நலம்.

கடையில் ஒரு கூத்து நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. நேற்று ஃப்ளோத்னி கேக் அடுக்கும்போது, கை தன்பாட்டில் நம் வீட்டு வழக்கப்படி பிளம் ஜாமை அடியில் பூசிவிட்டது. இந்த ஊரில் அடியில் கசகசா, அதன்மேல் ஆப்பிள், வால்நட், பிளம் உச்சியில்தான். இன்று காலை வெட்டியபோதுதான் முதலாளியம்மா ஹெர்மினா பார்த்தார்.

“தலைகீழா அடுக்கிவெச்சிருக்கியேடி. வில்மோஷ் வந்தா என்ன சொல்றது? பேசாம ஊருக்கே போயிடுறியா?”

வில்மோஷ் வாராவாரம் வந்து குறை சொல்லும் கிழவர். இன்று இரண்டு துண்டு தின்று முடித்தார். பிறகு, “அடுக்கு தப்பு” என்றார்.

“தப்புன்னா ரெண்டாவது துண்டு எதுக்கு?” என்றார் ஹெர்மினா.

“ஒண்ணை வெச்சு எப்படிம்மா முடிவு பண்றது? இன்னொண்ணு குடு.”

நாளைக்கும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டார் ஹெர்மினா. என் வேலைக்கு ஆபத்தில்லை.

நீங்கள் கிளறும் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இங்கே வாங்குவது பாகு மாதிரி ஓடுகிறது. என் பழைய கம்பளிச் சாக்ஸையும் வையுங்கள், ஒட்டுப் போட்டதாக இருந்தாலும் சரி.

ஹெர்மினா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். ஒரு நாள் ஆறாமல் ஃப்ளோத்னியில் கத்தி வைக்கக் கூடாது என்பீர்களே, இப்போது இறக்கிய தட்டில் ஓரத்தைச் சூடாகவே வெட்டித் தின்றுவிட்டேன். கையில் ஓர் அடி போட இங்கே யாருமில்லை, அம்மா.

இல்கா