தூதர் எழுவரை வைது விடுவிக்க விடுத்த திருமுகம்

நலம் பெருகுக. மூன்று புறமும் கடல் காக்க, நெல்லும் உப்பும் ஒருசேர விளையும் வெண்மணல் நாட்டை ஆளும் நெடுஞ்சேந்தர் மொழிந்தருளியபடி, கருமுகட்டு மலையடிவாரத்தில் வடக்கு வாயிலைக் காத்து நிற்கும் கோட்டைத் தலைவர் மாறங்காரியார் காண எழுதியது. உம் மதிலும், உம் வீரர் தோளும், உம் லாயத்துக் குதிரைகளும் குறைவின்றி இருக்க. இவ்வோலை கைக்கு வந்த நாழிகையிலேயே நின்றபடி படித்து முடிக்க வேண்டும். முடிக்கும்வரை, சிறையிலுள்ள தூதர் எழுவரிடம் ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசலாகாது. காரணம் வருமாறு.

எல்லைச் சந்தையில் கருமுகட்டுத் தலைவியின் மகளைக் கண்டு வந்த இளவரசர், அவள் தம்மிடம் நெடுநேரம் பேசியதாகவும், ஒரு சொல்லும் விளங்கவில்லை எனினும் மணந்தால் அவளையே மணப்பதாகவும் கூறியதை நீர் அறிவீர். பெண் கேட்டு ஓலை போயிற்று. மறுமொழி ஓலையோடு அந்த எழுவர் வந்து உம் கோட்டையில் இறங்கினர். ஓலையை நீர் தலைநகருக்கு அனுப்பினீர்.

அதை அவையில் படித்தவர் இருமொழியாளர் எயினந்தை. முப்பது ஆண்டுகளாக மலைநாட்டு ஓலைகளைப் பெயர்த்து வருபவர். சொல்லுக்குச் சொல் நிறுத்துத் தருபவர். மலையை மட்டும் ஏறிப் பார்த்ததில்லை. அதுவரை வந்த ஓலைகளிலெல்லாம் தேன் ஒழுகியது. இம்முறை இரண்டாம் வரியிலேயே அவர் குரல் அடங்கிவிட்டது. வேந்தர் உரக்கப் படிக்கச் சொன்னார். தலைவி எழுதியிருந்தது இது: உங்கள் மகன் சொறி பிடித்த கழுதை. அவன் நடையைக் கண்டு எங்கள் ஆடுகள் பால் மறந்தன. இப்படிப்பட்ட கழுதைக்கு எங்கள் வீட்டு உதவாக்கரையே போதும். அவனை இழுத்துக்கொண்டு வந்து தொலையுங்கள்.

எயினந்தை ஒவ்வொரு சொல்லையும் இருமுறை சரிபார்த்தார். பிழை இல்லை. படைத்தலைவர் எழுந்து, "இதுக்கு மேல என்னய்யா அர்த்தம் பாக்கணும்? கழுதைன்னா கழுதைதான்" என்றார். அவையில் மறுப்பவர் இல்லை. தூதருக்கு விலங்கிட உமக்கு ஆணை விடுத்தது அன்றுதான். வளர்பிறை ஏழாம் நாள் அவர்கள் தலை விழவும், எட்டாம் நாள் படை மலையேறவும் முடிவாயிற்று. இளவரசர் மூன்று நாள் சோறு தொடவில்லை.

நான்காம் நாள் உம் ஓலை வந்தது. மலைமொழி அறிந்த உம் காவலன் விலங்கிடும்போது கண்டபடி வைததும், எழுவரும் அவனைப் பார்த்துச் சிரித்து மகிழ்ந்ததும் அதில் இருந்தன. தூதரை இழிவு செய்தல் முறையன்று என வருந்திய நீர், அவன் வாயிலாகவே அவர்களைப் பெருந்தகையீர் என்றும், உயர்குடிப் பிறந்தோர் என்றும் போற்றியதாக எழுதியிருந்தீர். அன்று முதல் அவர்கள் உண்ணவில்லை. சுவர் பார்த்து அமர்ந்தார்கள். எழுவரில் மூத்தவள் தன் வளையைக் கழற்றி, ஊரிலிருக்கும் தன் மகளிடம் சேர்க்கச் சொன்னாள்.

இதைக் கேட்ட எயினந்தை எழுத்தாணியைக் கீழே வைத்தார். வைதால் சிரிப்பவர்கள் போற்றினால் ஏன் அழ வேண்டும்? அவையில் விடை பெறாமலே எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். அங்கே தேன் விற்கும் மலைநாட்டுப் பெண் ஒருத்தி உண்டு, பெயர் சருகி. அவர் போனபோது மடியிலிருந்த குழந்தைக்குத் தேன் தொட்டு ஊட்டியபடி, "தின்னு, அழுகின பழமே, தின்னு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். எயினந்தை தலைவியின் ஓலையைப் படித்துக் காட்டினார். பின் நடந்த பேச்சை மாற்றாமல் எழுத வேந்தர் ஆணை.

சருகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தலைவி இம்புட்டு ஆசையா யாருக்கும் எழுதுனதில்ல சாமி."

"கழுதை என்று எழுதியிருக்கிறாள், அம்மா."

"ஆமா, ரெண்டு தடவ. நான் கலியாணத்தன்னிக்கு எம் புருஷனைப் பன்னின்னுதான் சொன்னேன். கழுதையெல்லாம் எல்லாருக்கும் வாய்க்குமா?"

மலைக்குக் காது உண்டென்றும், நல்லதென்று சொன்னதை அது எடுத்துக்கொள்ளுமென்றும், ஆகவே கைவிட மனமில்லாததை வைதே வைத்திருப்பார்களென்றும் அவள் விளக்கினாள். எயினந்தை தயங்கி, பெருந்தகையீர் என்று ஒருவரைச் சொன்னால் என்ன பொருள் என்று கேட்டார். அவள் முகம் மாறிவிட்டது.

"அது செத்தவங்களுக்குச் சொல்றது. இல்லன்னா சாகப் போறவங்களுக்கு. யாரைச் சொன்னீங்க அப்படி?"

அவர் சொன்னார். அவள் தேன்குடத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். கிளம்பும்முன், இத்தனை காலம் மலைக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். மாட்சிமை பொருந்திய, புகழ் வாடாத என்று தொடங்குவோம் என்றார் எயினந்தை.

"அதான் உங்க ஓலை வந்தாலே எங்கூர்ல கதவைச் சாத்துறாங்க. எங்க தலைவியும் இத்தன காலம் உங்களுக்கு அதே மாதிரி தேனாத் திருப்பி எழுதிட்டு இருந்தாக."

இருவரும் ஓடிவந்து அவையில் நின்றார்கள். எயினந்தை, தாம் சொற்களைச் சரியாகவே பெயர்த்ததாகவும், அவற்றைச் சொன்னவள் எந்த முகத்தோடு சொல்லியிருப்பாள் என்று ஒரு நாளும் எண்ணவில்லை என்றும், ஏழு உயிருக்கும் தம் தலையே பிணை என்றும் கூறினார். வேந்தர் தலைவியின் ஓலைக்கு அவர் எழுதிய பெயர்ப்பை வாங்கித் தாமே மெல்லப் படித்தார். ஆடுகள் பால் மறந்த இடத்தில் சிரித்தார். அவை சிரித்தது. படைத்தலைவர் கடைசியாகச் சிரித்தார். இளவரசர், அந்தப் பெண் சந்தையில் தம்மிடம் பேசியது என்னவாக இருக்கும் என்று சருகியைக் கேட்டார். அவர் நினைவில் நின்ற இரண்டு சொற்களைக் கேட்டதும் அவள், இதை அவையில் சொல்ல முடியாது என்று கூறிவிட்டு, அவர் காதில் சொன்னாள். இளவரசர் காது சிவந்தது. அன்று இரண்டு ஆள் சோறு உண்டார்.

ஆகவே ஆணை இது. படை கலைந்தது. இவ்வோலையையே ஆணைச் சான்றாகக் கொண்டு, மலைமொழிக் காவலனை உடன் அழைத்துச் சிறைக்குள் செல்க. விடுதலை என்று முதலில் சொல்லற்க. நயமாகச் சொல்லும் எதையும் அவர்கள் இப்போது நம்பமாட்டார்கள். மூத்தவள் முன் நின்று, மண்சட்டி மண்டை, காய்ந்த சுரைக்குடுக்கை, நரி துப்பிய எலும்பு என்று, சருகி சொல்லக் கேட்டு எழுதியனுப்பும் இவ்வரிசையிலேயே வைக. அவள் திரும்பிப் பார்ப்பாள். நிறுத்தற்க. அவள் உம்மை இதைவிடக் கொடிதாகத் திருப்பி வைதவுடன் விலங்கை வெட்டிச் சோறு இடுக. அவள் உம்மை என்ன சொன்னாலும் வாளில் கை வைக்காமல், அச்சொல்லை அப்படியே எழுதி அனுப்புக, அவையினர் காத்திருக்கிறோம்.

தலைவிக்கு வேந்தர் மறுமொழியையும் அந்த மூத்தவளிடம் கொடுத்தனுப்புக: உங்கள் உதவாக்கரையை எங்கள் வீட்டுக் கழுதை கேட்டு உயிரை வாங்குகிறது, வரும் முழுநிலவில் அதை இழுத்துக்கொண்டு வந்து தொலைக்கிறோம், நல்ல சோறு போடாவிட்டாலும் வசவுக்குக் குறை வைக்காதீர்கள். இதை எழுதும்போது ஓலைநாயகத்தின் கை மூன்று முறை நின்றது. மூன்று முறையும் வேந்தர் தொடரச் சொன்னார்.

எவரிடமும் இன்சொல்லே கூறும் உம் இயல்பை வேந்தர் அறிவார், மெச்சுவார். இந்த ஒரு நாள் மட்டும் அதைச் சிறைவாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவீராக.

சுறா முத்திரை இட்டது. வளர்பிறை நான்காம் நாள். ஓலைநாயகம் எழுத்து.