பூஜையில் வைத்த பிப்பெட்

காரைக்குடி,
ஐப்பசி.

அன்புள்ள மச்சானுக்கு,

ஹேமாவதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் டிக்கெட், விசா என்று சண்டையில் போய் முடிகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்!

மாமா வலையபட்டியில் ஒரு கதவு வேலை எடுத்திருக்கிறார். அத்தைக்கு மூட்டுவலி தேவலை.

ஆராய்ச்சி செய்து என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்டீர்களே, எனக்குக் கோபம்தான். ஆனாலும் சொல்கிறேன். எலிக்குட்டியின் இதயத் தசைச் செல்களைத் தட்டில் வளர்க்கிறேன். புரதம் செய்யும் ரைபோசோம்கள் அதற்குள் எங்கெங்கே இருக்கின்றன என்பதே என் கேள்வி. நடுவில் மட்டும் இல்லை, ஓரம் வரை பரவிக் கிடக்கின்றன. மாமா வேலை நடக்கிற வீட்டுக்கே உளியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான். செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்கள்தான் அவற்றை அங்கே சேர்க்கின்றன என்று நினைத்தேன். குழாய்களைக் கலைக்கும் மருந்தைக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தும் மாற்றமே இல்லை. என் கைடு நாகநாதன் சார் தலைப்பையே மாற்றச் சொன்னார். அன்று, பேசாமல் உங்களிடமே வந்துவிடலாம் என்று அழுதேன்.

ஆயுத பூஜை காலையில் கடைசியாக ஒருமுறை மருந்தை விட்டுவிட்டு, அதை அளந்து விடும் பிப்பெட்டோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை அதையும் மாமாவின் உளி, இழைப்புளியோடு வைத்துச் சந்தனம் பூசினார். மதியம் போய் மருந்தைக் கழுவ வேண்டும். பிப்பெட்டை எடுக்க எழுந்தால் அத்தை, "சாமிக்கு வச்சத நாளைக்கு மறுபூசைக்கு முன்ன எடுத்தா நம்ம ஆசாரி குடும்பத்துக்கு ஆகாது ஆத்தா" என்றார். லேபில் வேறு பிப்பெட் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு ஆயுதம் தொட எனக்கே மனம் வரவில்லை. படித்தவள் செய்கிற காரியமா? மறுநாள் செல்கள் செத்திருக்கும் என்று பயந்துகொண்டே போனேன்.

சாகவில்லை மச்சான். ராத்திரி முழுக்க மருந்து கிடந்த அந்தச் செல்களைச் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஓரமெல்லாம் காலி, ரைபோசோம்கள் நடுவில் உட்கருவைச் சுற்றிக் கும்பலாக நின்றன. அன்று மருந்தைக் கழுவி வைத்த மற்றத் தட்டுகளில் அடுத்த நாள் மெல்ல மறுபடி ஓரத்துக்குப் போயிருந்தன. சார் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "தப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தா அது தப்பில்லம்மா, செஞ்சு காட்டுங்க" என்றார். தலைப்பை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அதனால் எனக்கு இப்போது விசா எடுக்காதீர்கள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. உங்களை நினைக்காத நாளும் இல்லை. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் நீங்கள் வாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் அந்தச் செல்கள் துடிப்பதை ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகும் விட்டுவிடு என்று உங்களுக்குச் சொல்ல வாய் வந்தால், சொல்லுங்கள்.

கோவிலூர் சாமி உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
ஹேமா