மூச்சு சீராக இருந்த நாளில் கேட்டது

அக்கா, இன்று காலை பவானிபூரில் யாரோ கரி அடுப்பை மூட்டி நடைபாதையில் வைத்திருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் இருமல்தான் காதில் கேட்டது. முப்பது வருடம் அந்த மாதிரி அடுப்பை ஊதி ஊதியே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டாய். எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த வருடம் அது. உனக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். பிழைத்து வீடு திரும்பி, நீ இரண்டு இட்லி சாப்பிடத் தொடங்கிய வாரம், உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்த டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த நோய் ஆறாது, அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்று நன்றாக இருக்கும்போதே அக்காவிடம் கேளுங்கள் என்றார். சாவைப் பற்றி வாயைத் திறந்தாலே "அச்சானியமா பேசாதே" என்று அடக்கிவிடும் வீடு நம்முடையது. அதனால் உன் கட்டிலருகே நின்று, உனக்குப் புரியக் கூடாதென்று அவரோடு ஆங்கிலத்தில் கிசுகிசுத்தேன். எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததே நீதான் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

நீ கீரை ஆய்வதை நிறுத்தாமலே சொன்னாய்: "எதுக்கு ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல குசுகுசுக்கறேள்? போகப்போறது நான்தானே. என்னைக் கேளேன்டா."

கேட்டேன். பதில் தயாராக இருந்தது. "மறுபடி குழாய் வேண்டாம். அன்னிக்கு ஒரு வாய்த் தண்ணி கேக்க முடியலை. இந்தக் கட்டில்லயே இருக்கேன். திணறலுக்கு மருந்து மட்டும் குடுக்கச் சொல்லு. அப்ப நான் மாத்திச் சொன்னா, மாத்தினதைக் கேளு."

அதையே டாக்டரிடம் வங்காள மொழியில் சொன்னாய், கரியாஹாட் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் அதே குரலில். அவர் எழுதிக்கொண்டு போனதும் நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தனை நாளும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டல்லவா இருந்திருக்கிறோம். அப்பாடா என்றிருந்தது.

துர்கா பூஜை முடிந்து பனி இறங்கியபோது மறுபடி திணறல் வந்தது. குனிந்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாமா அக்கா?" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாய். டாக்டர் வந்து ஊசி போட்டார். திணறல் தணிந்து, என் கையைப் பிடித்தபடியே போனாய்.

மறுநாள் பம்பாயிலிருந்து ஓடிவந்த உன் பிள்ளை, "ஏன் மாமா கூட்டிண்டு போகலை? அம்மாவை ஒரு வார்த்தை கேட்டேளா?" என்று சீறினான்.

"கேட்டேன்டா. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் வேண்டாம்னுதான் சொன்னா."

அவன் என் தோளில் சாய்ந்து அழுதான்.

நீ இல்லாத வருத்தம் இன்னும் போகவில்லை அக்கா. ஆனால் தப்புப் பண்ணிவிட்டோமோ என்ற உறுத்தல் ஒரு நாளும் வந்ததில்லை. அவனுக்குச் சொல்ல எனக்கொரு பதில் இருந்தது. அதை நீ கொடுத்துவிட்டுத்தான் போனாய்.