வளவு முழுக்க ஒரே நாற்காலி

அந்த நாற்காலி உன்னுடையது இல்லை என்று அன்று நான் சொல்லவில்லை. கணக்கெடுக்க வந்த அலுவலர் அதில் உட்கார்ந்துகொண்டு, "இது உங்களுதுங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றாய். அவர் கைப்பேசியில் எதையோ தட்டினார். நான் உன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று செம்மேட்டில் அடுத்த கணக்கெடுப்புக்கான பயிற்சி. கூடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் உன் நினைவு வந்தது. மாலை வரை போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றாகப் பள்ளி முடித்ததும் நான் கல்லூரிக்கு மலை இறங்கினேன். நீ இதே மலையில் வாழவந்தி நாட்டு ஊர் ஒன்றுக்கு வாக்கப்பட்டுப் போனாய். உன் வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடக்கே போனவர், பிறகு தகவலே இல்லை. ஓலைக் கூரை, மாமியார், கைக்குழந்தை, பிறர் காட்டில் மிளகு பறிக்கிற கூலி. அவ்வளவுதான் உன் குடும்பம். மிகவும் வறிய குடும்பங்களைக் கண்டறிந்து, வீடு, ஆடு, மாதாந்திர உதவி என்று எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கும் திட்டம் வந்தபோது, நான் முதலில் நினைத்தது உன்னைத்தான். அலுவலருக்கு வழிகாட்டும் வேலை எனக்குக் கிடைத்ததும், நாங்கள் வரும் நாளை உனக்குச் சொல்லி அனுப்பினேன்.

நீயும் தயாராக இருந்தாய். கடைக்கார அண்ணன் வீட்டு நாற்காலி, யார் வீட்டிலிருந்தோ ஒரு மிக்சி, ஒரு டேபிள் ஃபேன். அன்று கரண்ட் இல்லை. ஃபேன் சும்மா நின்றது. அடுத்த வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த நாற்காலி காப்பித் தோட்டத்து வழியாக அங்கே போயிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் அதுவே. நெருப்புப் பட்டு ஒரு கைப்பிடி உருகியிருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது.

நம் மலையில் ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால், வளவில் சேர்ந்தாற்போல் இருக்கிற மற்ற வீடுகளின் நல்ல பொருளெல்லாம் அந்த வீட்டுக்கு வந்துவிடும். வந்தவரிடம் அது இரவல் என்று சொல்வதும் வழக்கமில்லை, அவர் கூசிப்போவார். ஆனால் கைப்பேசியில் இருந்த கேள்வி, இந்த வீட்டில் என்னென்ன இருக்கிறது என்பதுதான். பொருள் இருந்தால் திட்டத்தில் இடமில்லை.

திரும்பும் வழியில் அலுவலரே பேச்செடுத்தார். "ஏனுங்க, அந்த நாற்காலி நடக்குதுங்களா? எங்க போனாலும் நமக்கு முன்னாடி வந்து நிக்குது." சிரித்துவிட்டு, "நான் பாத்ததத்தான் பதியோணும். கிராம சபையில அவங்களே எந்திரிச்சுச் சொன்னா மறுபடியும் வந்து பாக்கலாமுங்க" என்றார்.

சாயங்காலமே உன்னிடம் வந்து சொன்னேன். உனக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, அத்தன சனத்துக்கு முன்னால நான் இல்லாதவன்னு நானே சொல்லோணுமா? நாளைக்கு எம் புள்ளைய எவன் கட்டுவான்?"

"அவளுக்கு இன்னும் பல்லே மொளைக்கல."

"மொளைக்கத்தான போகுது. போடி, படிச்சுட்டு வந்து பேசற பேச்சப் பாரு."

கிராம சபைக்கு நீ வரமாட்டாய் என்றே நினைத்தேன். வந்தாய். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் எழுந்து நின்று அலுவலரைக் கேட்டாய்.

"ஏனுங்க, எங்க வளவுல எத்தன நாற்காலி இருக்குதுன்னு பதிஞ்சிருக்கறீங்க?"

"ஊட்டுக்கு ஒண்ணுங்கம்மா."

"அத்தனையும் ஒண்ணேதானுங்க. அண்ணன் ஊட்டுது. நீங்க வந்தா உக்காரோணுமேன்னு தூக்கிட்டு ஓடுனோம்."

கடைக்கார அண்ணன் பின்னாலிருந்து, "ஆமாங்க சாமி, அன்னிக்குப் பூரா நாந்தான் நின்னுட்டே கெடந்தேன்" என்றார். கூட்டம் சிரித்தது. நீ உட்காரவில்லை.

"சிரிங்க. நாற்காலி ஒண்ணுதான். மழ வந்தா கூர மட்டும் ஊட்டு ஊட்டுக்குத் தனியா ஒழுகுதுங்க."

இல்லாதவள் என்ற சொல்லை நீ சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

வறுமை ஒழிப்பைப் பற்றி அதன் பிறகு நிறையப் படித்தேன். வீட்டுப் பொருளை வைத்து ஏழைகளை அடையாளம் காண்பதில் உள்ள பிழைகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். விருந்தாளிக்காகப் பொருள் வீடு மாறுவதை அவற்றில் எங்கும் நான் பார்க்கவில்லை. இன்றைய பயிற்சியில், வீட்டுக்குள் போனதும் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று விவாதம் நடந்தது. மழை பெய்தால் எங்கே படுப்பீர்கள் என்று கேட்கலாம் என்றேன். அது உன்னிடமிருந்து வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. நானே கணக்கெடுக்கப் போகத் தொடங்கியதிலிருந்து எல்லா வீட்டிலும் அதைத்தான் கேட்டு வருகிறேன். அந்தப் பதிலை யாரும் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வருவதில்லை.

மறு கணக்கெடுப்பு அந்த ஆடியில் நடந்தது. உன் வளவில் கடைக்கார அண்ணனைத் தவிர எல்லோருடைய பெயரும் திட்டத்தில் சேர்ந்தது. ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. நாமக்கல் கொண்டுபோகும் வழியில், மலை இறங்கி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். உனக்கு வந்த வீட்டை உன் மாமியார் பெயருக்கு மாற்றிக் கட்டிக்கொடுத்தார்கள். உன் மகள் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள்.