முப்பத்தேழு அல்ல, முப்பத்தைந்து வாரம்

ஏப்ரல் 5, ஞாயிறு
காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை. கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் நனைந்தன. செய்ய வேண்டியவை: கணிதப் பயிற்சி 14, நூலகப் புத்தகம், அக்காவுக்கு வல்லாரை.

தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டில். அவள் மாமியார், எனக்கு அத்தை, வத்தேகமயிலிருந்து வந்தார், கையில் நேற்றைய ஸ்கேன் கடதாசி. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். சித்திரை பிறக்க முன், 12ஆம் திகதியே ஒபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டுமாம்.

"நுரையீரல் முத்திருச்சுன்னு ஸ்கேன் பண்ண பொண்ணே சொல்லிருச்சு. படத்துல வெள்ளையா தெரியுதாம். முப்பத்தேழு வாரம். இன்னும் என்னா?"

பலாக்காயைத் தட்டிப் பார்த்ததுபோல! அக்கா கதிரையில் சாய்ந்து, வீங்கிய காலைத் தேய்த்தபடி.

ஏப்ரல் 6, திங்கள்
நூலகம். தடித்த மருத்துவப் புத்தகம், இரண்டு மணி நேரம். ஸ்கேனில் நுரையீரல் கல்லீரலைவிட வெளிச்சமாகத் தெரிந்தால் முதிர்ந்திருக்கலாம். அவ்வளவுதான். அதை மட்டும் நம்பக் கூடாது. தாய்க்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தால் பிள்ளை பெரிதாகும், ஆனால் நுரையீரல் முதிரப் பிந்தும். பெருத்த பிள்ளையை அளந்தால் வாரமும் கூடிக் காட்டும்.

அக்காவுக்குச் சீனி!

ஓடி வந்து கிளினிக் அட்டையைத் திறந்தேன். மூன்றாம் மாதத்து முதல் ஸ்கேன் உள்ளே. அதன்படி சனிக்கிழமை 35 வாரம். மூன்று தடவை எண்ணினேன்.

அத்தையிடம் சொன்னேன். "டொக்டரம்மா வந்துட்டாங்க, வழிய விடுங்க!" அம்மாவும் சிரித்தார். அம்மாவும்! அக்காவின் கணவர், அத்தான், மட்டும் சிரிக்கவில்லை. "பெரியவங்க பாத்துக்குவாங்க, விடும்மா." எதைப் பார்த்தார்கள்? பஞ்சாங்கத்தை.

ஏப்ரல் 8, புதன்
சோறு வேண்டாம் என்றேன். பிறகு பசித்தது. பருப்பு, கருவாடு.
அத்தை ஆஸ்பத்திரிப் பை அடுக்குகிறார். சட்டை ஆறு, நாப்கின் ஒரு டசின், தொப்பி இரண்டு. மூச்சு விட என்ன வைத்தார்?
"அந்தப் பழைய கடதாசி எதுக்கு? புதுசு போதும்." முதல் ஸ்கேனை எடுத்து வெளியே போட்டார்.
குசினியில் அடுப்பருகே அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எங்கடி அது?"
நான் பொறுக்கி வைத்திருந்ததைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்
டொக்டரிடம் அத்தை, அக்கா, நான் மூவரும். அத்தை புதிய ஸ்கேனை நீட்டினார். டொக்டர் திகதி எழுதப் பேனாவை எடுத்தார். அக்கா பழையதை மேசையில் வைத்தாள்.
"இதையும் பாருங்க டொக்டர். எனக்குச் சீனி இருக்கு. இப்ப எடுத்தா புள்ளைக்கு மூச்சு ஒழுங்கா வருமா?"
இரண்டையும் பார்த்தார். பேனாவை மூடினார்.
"படத்த மட்டும் பாத்து நுரையீரல் சரின்னு சொல்ல ஏலாது. முதல் ஸ்கேன்தான் கணக்கு. பன்னெண்டாம் திகதிக்கு முப்பத்தாறு வாரம்தான். அவசரம் ஒண்ணும் இல்லாம எடுக்க மாட்டேன்."
"சித்திரை பொறந்துருமே டொக்டர்..."
"நானும் சித்திரைதான் அம்மா."
பஸ்ஸில் அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 29, புதன்
சித்திரை 16. விடியலிலிருந்து மழை. காலை 9.40, பெண் பிள்ளை. அவள் அழுகையில் வார்ட்டுக் கதவுக்கு வெளியே எங்களுக்கே காது அடைத்தது.
"யாத்தே, என்னா சத்தம்! அப்படியே சித்தி வாயி!" அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நீ சொன்னது சரி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருவர்கூட!
இன்னும் அழுகிறாள். நன்றாக அழட்டும்.